எரிகல் யார் தலைக்கு மேலே?

ஒரு திங்கட்கிழமை மாலை, மாயமலையின் வானத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தோன்றியது.

மாயமலை என்பது கைபேசியில் விளையாடும் ஒரு விளையாட்டு. பெரிய காஞ்சிபுரத்தில் சுகாசினி இருக்கும் தெருவில், தறிச் சத்தம் ஓய்ந்ததும் மாயமலைச் சத்தம் தொடங்கிவிடும். அந்த அளவுக்குப் பிள்ளைகள் எல்லாரும் அதை விளையாடினார்கள்.

எட்டாம் வகுப்புக் குமரகுரு, புள்ளியைப் பார்த்ததும் போன் திரையில் குங்குமம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தான். சட்டை நுனியால் துடைத்தான். புள்ளி போகவில்லை. மறுநாள் அது பட்டாணி அளவுக்கு வந்தது. பிறகு எலுமிச்சம்பழம் அளவுக்கு. கூடவே நெருப்பாய் ஒரு வாலும் முளைத்தது.

"எரிகல்பா அது. விழப் போவுது," என்றான் குமரகுரு.

எங்கே விழும், எதற்கு விழும், விழுந்தால் என்ன ஆகும் என்று விளையாட்டை உருவாக்கியவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே ஓர் அறிவிப்பு மட்டும் வந்தது. 'அடுத்த சனிக்கிழமை மாலை வானத்தைப் பாருங்கள்.'

அவ்வளவுதான். பள்ளியில் மதிய உணவு நேரம் முழுவதும் எரிகல் பேச்சாகவே ஆனது.

அது எரிகல்லே இல்லை, பறக்கும் நாகத்தின் முட்டை என்று ஒருவன் சொன்னான். செத்துப்போன மாயமலை ராஜா நட்சத்திரமாகி, இப்போது கோபத்தோடு திரும்பி வருகிறார் என்று ஒருத்தி சொன்னாள். குமரகுருவின் கருத்து வேறு. "கம்பெனிக்காரங்க தப்பா ஏதோ வரைஞ்சிட்டாங்க. அழிக்கத் தெரியாம முழிச்சிக்கினு இருக்காங்க."

ஆறாம் வகுப்புச் சுகாசினி அதுவரை பேசாமல் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"தொடக்கப்பட்டி நடுவுல ஒரு கிணறு இருக்குது இல்ல? அது ஏன் அவ்ளோ வட்டமா, அவ்ளோ பெருசா இருக்குதுன்னு யாராவது யோசிச்சீங்களா?"

யாரும் யோசிக்கவில்லை.

"அது கிணறே இல்லை. ரொம்ப நாளுக்கு முன்னாடி எரிகல் விழுந்த பள்ளம். இப்ப வர்றதும் அங்கதான் விழும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாரும் அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

தொடக்கப்பட்டி என்பது மாயமலையில் எல்லாரும் முதன்முதலில் வந்து இறங்கும் கிராமம். புதிதாக வருகிறவருக்கு அங்கே ஒற்றை அறைக் குடிசை ஒன்றும் ஓர் ஆடும் கிடைக்கும். விறகு பொறுக்கி, வயல் உழுது, பூதங்களோடு சண்டை போட்டு மேலே வரவேண்டும். மேலே வந்தவர்கள் கோட்டை கட்டிக்கொள்வார்கள். சுகாசினிக்குத் தெரிந்தவர்களில் குமரகுரு ஒருவன்தான் அந்த அளவுக்கு வந்திருந்தான். மலையுச்சியில் அவன் கட்டிய கழுகுக் கோட்டையில் கோபுரம்கூட உண்டு.

உண்மையைச் சொன்னால், கிணற்று விஷயத்தைச் சுகாசினி அந்த நிமிஷம்தான் யோசித்தாள். தயிர்சாதம் முடிந்துவிட்டது, எல்லாரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், நாமும் சொல்வோமே என்று சொன்னாள். ஆனால் சொன்ன பிறகு அது அவளுக்கே நிஜம் போல இருந்தது.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வரும் ஹயக்ரீவன் அப்பாவின் போனில் ஒரு வீடியோ சேனல் நடத்திவந்தான். அவன் வீடியோக்களை இதுவரை பார்த்தவர்கள் பெரும்பாலும் அவனுடைய அத்தைகள். அன்று பள்ளி விட்டதும் சுகாசினியை நிற்கவைத்து, கிணற்று விஷயத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லிப் படம் பிடித்தான். அதை ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள். வாலாஜாபாத்திலிருந்துகூட ஒருவன் 'செம அக்கா' என்று எழுதியிருந்தான்.

சுகாசினிக்கு நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு வழி விட்டார்கள்.

தொடக்கப்பட்டி காலியாகத் தொடங்கியது. முன்பு ஒருமுறை மாயமலை ஆற்றில் வெள்ளம் வந்தபோது கரையோரக் குடிசைகள் சாமான்களோடு போனவை போனவைதான், திரும்பக் கிடைக்கவே இல்லை. அது எல்லாருக்கும் நினைவிருந்தது. அதனால் வாளையும் கேடயத்தையும் விறகுக் கட்டையும் தூக்கிக்கொண்டு வரிசையாக மலையேறினார்கள். குமரகுரு கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான். "வாங்க, வாங்க. தள்ளாம வாங்க," என்று கல்யாண வீட்டுக்காரன் மாதிரி நின்றான்.

ஒரே ஒரு சங்கடம். கோட்டைக்குள் ஆடு போக முடியாது. விளையாட்டின் விதி அப்படி. பிள்ளைகள் ஆடுகளை ஆற்றங்கரையில் அவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சுகாசினி அடுத்த வீட்டுக்குப் போனாள். அம்மா அரைத்த மாவில் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பியிருந்தாள். அங்கே மூன்றாம் வகுப்பு படிக்கும் வள்ளி, தட்டில் இருந்த தோசையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் அப்பாவின் போன்.

"நேத்துலருந்து இப்படித்தாம்மா இருக்குது இவ," என்றாள் வள்ளியின் அம்மா மஹாலட்சுமி. "கேட்டா வாயத் தொறக்க மாட்றா. நீ கேட்டுப் பாரு."

சுகாசினி பக்கத்தில் உட்கார்ந்தாள். போனில் வள்ளியின் குடிசை தெரிந்தது. வாசலில் வெள்ளை ஆடு ஒன்று கால் மடக்கிப் படுத்திருந்தது. அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பன்.

"நீ இன்னும் கோட்டைக்குப் போகலையா?"

"ரோஜாவ உள்ள வுட மாட்றாங்க."

"ஆட்ட அவுத்து வுட்டுட்டுப் போயேன். எல்லாரும் அப்படித்தானே பண்ணாங்க."

வள்ளி தலையை ஆட்டினாள். "நான் இங்கயே இருக்கப் போறேன். கல்லு வுழுந்தா எங்க ரெண்டு பேர் மேலயும் சேந்தே வுழட்டும்."

"அது கேம்தான் வள்ளி."

"நீதானேக்கா சொன்ன, கிணத்துலதான் வுழும்னு? என் குடிசை கிணத்துக்குப் பக்கத்துலதான் இருக்குது."

சுகாசினி மாவுக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். இரவு அவளுக்கும் தோசை இறங்கவில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் தைக்கக் கொடுத்திருந்த பாவாடையை வாங்கி வர அம்மா அனுப்பினாள். தையல்கடை ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போகும் சன்னதித் தெருவில் இருந்தது. கடைக்காரர் பொத்தான் தைத்து முடிக்கும்வரை சுகாசினி வெளியே நின்றாள்.

ஆந்திராவிலிருந்து வந்த வேன் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் இறங்கிக் கோபுரத்தை நோக்கி நடந்தது. அந்த வீட்டுப் பெரியவர் முன்னால் போய்ப் போனில் படம் எடுக்கப் பார்த்தார். கோபுரம் படத்துக்குள் அடங்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். சாய்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்துவந்து, சோளம் சுட்டு விற்பவரின் வண்டியில் முட்டிக்கொண்டார். அவர் தொப்பி சோளக் கூடைக்குள் விழுந்தது. அவர் மனைவி தெலுங்கில் ஏதோ சொன்னார். அது பாராட்டு இல்லை என்பது மட்டும் சுகாசினிக்குப் புரிந்தது.

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அவள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் இதே கோபுரம் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். கழுத்தைத் தூக்கவே வேண்டாம். கிட்டே போகப் போகத்தான் அது மேலே மேலே ஏறும். அடியில் போய் நின்றால் தலையை முழுக்கப் பின்னால் சாய்க்க வேண்டும்.

தொடக்கப்பட்டியில் எரிகல்லை எப்படிப் பார்க்கிறோம் என்று அவள் யோசித்தாள். நேராகத்தான் பார்க்கிறோம். மலைக்கு மேலே தெரியும். யாரும் தலையைச் சாய்த்ததே இல்லை.

பாவாடையை வாங்கியதும் வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, போன் வேணும்."

அம்மா சங்கரி தறியிலிருந்து தலை நிமிரவில்லை. "பாடம் படிச்சிட்டியா?"

"வந்து படிக்கிறேன்மா. இது வள்ளிக்காக."

அம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு போனை நீட்டினாள். "இருட்டுறதுக்குள்ள குடுத்துடணும்."

சுகாசினி அடுத்த வீட்டுக்குப் போய் வள்ளியை எழுப்பி உட்காரவைத்தாள். "வா, ஒரு நட போய்ட்டு வரலாம். ரோஜாவையும் கூட்டினு வா."

"எங்கேக்கா?"

"எரிகல்லுக்கு அடியில."

வள்ளி பயத்தோடு பார்த்தாள். ஆனாலும் கூட வந்தாள்.

மாயமலையில் மூன்று பேர் நடந்தார்கள். முன்னால் சுகாசினி, பின்னால் வள்ளி, கடைசியில் ஆடு. கொஞ்ச தூரம் போவது, நிற்பது, வானத்தைப் பார்ப்பது. ஆற்றைத் தாண்டியபோது எரிகல் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. நடுவில் ரோஜா புல் மேய நின்றுவிட்டது. மாயமலை ஆடு மேயத் தொடங்கினால் யார் சொன்னாலும் கேட்காது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

காட்டைத் தாண்டியதும் எரிகல் இன்னும் மேலே போனது. மலைப்பாதையில் ஏற ஏற அதுவும் ஏறியது. பாதை முடிந்த இடத்தில் பெரிய கதவு இருந்தது. அங்கே நின்று வள்ளி திரையை மேலே தள்ளினாள். தள்ளிக்கொண்டே போனாள். திரையில் அவளுடைய குட்டி வீராங்கனை தலையை முழுக்கப் பின்னால் சாய்த்தாள். நேர் உச்சியில் சிவப்பாக, வட்டமாக எரிகல் இருந்தது. அதன் வால்கூடத் தெரியவில்லை.

"அக்கா, கழுகுக் கோட்டை மேல இருக்குதுக்கா," என்றாள் வள்ளி மெல்ல.

ஊர்ப் பிள்ளைகள் எல்லாருடைய சாமான்களும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தன. அவற்றை அங்கே அனுப்பியது அவள்.

வள்ளி அன்று இரண்டு தோசை சாப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை முதல் வேலையாகச் சுகாசினி ஹயக்ரீவனுக்குப் போன் செய்தாள். "நான் சொன்னது தப்பு. எரிகல் கோட்டை மேலதான் விழப் போகுது. இன்னொரு வீடியோ போடணும்."

ஹயக்ரீவன் தயங்கினான். "அந்த வீடியோதான் நன்னா ஓடிண்டிருக்கு. எங்காத்துல எல்லாரும் ஷேர் பண்ணியாச்சு. இப்போ தப்புன்னா எப்படிப்பா?"

"தப்புன்னா தப்புன்னுதான் சொல்லணும்."

அவன் நல்லவன். முனகிக்கொண்டேயாவது போட்டான். ஆனால் கிணற்று வீடியோவைப் பார்த்தவர்களில் பாதிப் பேர்கூட இதைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் நம்பவில்லை. 'கிணறு கதைதான் சூப்பர்' என்று ஒருவன் எழுதினான். 'இது போலி சுகாசினி' என்று வாலாஜாபாத்துக்காரன் எழுதினான்.

போலி சுகாசினி செருப்பை மாட்டிக்கொண்டு குமரகுருவைத் தேடிப் போனாள். கூடவே வள்ளியும் போனாள்.

குமரகுரு தன் அப்பாவின் ஜெராக்ஸ் கடைப் படியில் போனோடு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் நான்கைந்து பையன்கள். சுகாசினி விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"நேத்து கிணறுன்ன. இன்னிக்குக் கோட்டைன்ற. நாளைக்கு உங்க மாடின்னுவியா?"

"கிணறு சும்மா சொன்னது. போய்ப் பாத்துச் சொல்லலை. இது பாத்துட்டு வந்து சொல்றேன்."

"சும்மா சொன்னியா?" என்று ஒரு பையன் கேட்டான். "உன்ன நம்பி என் ஆட்ட அவுத்து வுட்டேன்."

சுகாசினிக்குக் காது சூடாகிவிட்டது. திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் போகவில்லை.

"ஆமா. நான் சொன்னது தப்புதான்," என்றாள். "இப்பவும் என்னை நம்ப வேணாம். குமரண்ணா, கோட்டை முற்றத்துல நின்னு ஒரே ஒரு தடவை நேரா மேல பாரு. அப்புறம் உன் இஷ்டம்."

"எரிகல்தான் கோட்டை ஜன்னல்லயே தெரியுதே."

"தெரியுதா?"

குமரகுரு ஜன்னலைப் பார்த்தான். தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே தெரியவில்லை. மேகம் மறைக்கிறது என்று அவன் நினைத்திருந்தான்.

அவன் எழுந்து நின்றான், போனில் அல்ல, படியிலேயே. பிறகு விரலால் திரையைத் தள்ளினான். திரையில் வெள்ளிக் கவசம் போட்ட பெரிய வீரன் முற்றத்துக்கு வந்தான். தலையைத் தூக்கினான். இன்னும் தூக்கினான். தலைக்கவசம் முதுகில் இடிக்கும்வரை தூக்கினான்.

பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைக்குள் ஜெராக்ஸ் மெஷின் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு வருஷமாக் கட்டினேன்," என்றான் குமரகுரு.

அதற்கப்புறம் யாரும் கேள்வி கேட்கவில்லை. பையன்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். போன் இல்லாதவன் போன் இருப்பவன் வீட்டுக்கு ஓடினான். நம்பாதவர்களிடம் சுகாசினி ஒரே வார்த்தைதான் சொன்னாள். "முற்றத்துக்குப் போய்த் தலையைத் தூக்கிப் பாரு." பார்த்தவர்கள் மூட்டை கட்டினார்கள். வாலாஜாபாத்துக்காரனும் பார்த்தான். 'நிஜ சுகாசினிதான்' என்று எழுதிவிட்டு அவனும் மூட்டை கட்டினான்.

மலைப்பாதையில் ஏறிய வரிசை இப்போது இறங்கியது. எல்லாரும் தொடக்கப்பட்டியில் தங்கள் தங்கள் குடிசைக்குத் திரும்பினார்கள். சிலர் ஆற்றங்கரைக்குப் போய் ஆடு தேடினார்கள். ஆடுகள் போன இடத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு எரிகல்லைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லை.

குமரகுரு மட்டும் முற்றத்திலேயே நின்றான்.

"நீ இறங்கலையா அண்ணா?" என்று சுகாசினி கேட்டாள்.

"எங்க போறது? கோட்டை கட்டுறப்பவே குடிசையப் பிரிச்சுட்டேன். அதோட மரத்துலதான் முதல் கதவு செஞ்சேன்."

சுகாசினி யோசித்தாள். அவள் குடிசையில் ஏற்கெனவே தங்கள் குடிசையில் இடமில்லாத தெருப் பிள்ளைகள் மூன்று பேருடைய விறகு. அவள் ஏதோ சொல்ல வருவதற்குள் வள்ளி பேசினாள்.

"என் வீட்டுல எடம் இருக்குதுண்ணா."

"உன் வீடா? அது ஒரே ரூம்தானே?"

"ஆமாம். நானும் ரோஜாவும்தான் இருக்கோம்."

குமரகுரு வள்ளியைப் பார்த்தான். அவளுடைய ஆட்டைக் கோட்டைக்குள் விட முடியாது என்று அவன் சொல்லி இன்னும் மூன்று நாள்கூட ஆகவில்லை. அது வள்ளிக்கும் தெரியும். ஆனால் அவள் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"கொஞ்சம் சாமான் நிறைய இருக்குமே," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

நிறையத்தான் இருந்தது. வாள்கள், கேடயங்கள், சிங்கத் தலை போட்ட நாற்காலி, பூதத்திடம் பிடுங்கிய பித்தளை அண்டா. சாப்பாட்டு நேரம் தாண்டியும் எல்லாரும் சேர்ந்து தூக்கினார்கள். கட்டில் மட்டும் குடிசைக்குள் போகவில்லை. பாதி ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மாலையில் தெருப் பிள்ளைகள் சுகாசினியின் வீட்டு மாடியில் கூடினார்கள். இருந்த போன்களை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹயக்ரீவனும் சைக்கிளில் வந்திருந்தான்.

எரிகல் அசைந்தது.

முதலில் மெதுவாக. பிறகு வானம் முழுவதும் சிவந்தது. கழுகுக் கோட்டையின் கோபுரம் ஒரு கணம் கறுப்பாகத் தெரிந்தது. திரை வெள்ளையானது. எல்லாப் போனும் ஒரே நேரத்தில் உறுமின. கீழே தறியில் இருந்த சங்கரி, "என்னாடி அங்க?" என்று கேட்டாள்.

வெளிச்சம் அடங்கியபோது மலையுச்சியில் கோட்டை இல்லை. புகை மட்டும் இருந்தது. தொடக்கப்பட்டியில் ஓர் ஓலைகூட அசையவில்லை.

சுகாசினி குமரகுருவைப் பார்த்தாள். அவன் மூச்சை விட்டான். "கோபுரம் கொஞ்சம் கோணலாத்தான் இருந்துச்சு," என்றான். "அடுத்ததுல சரி பண்ணிக்கலாம்."

புகை விலகியது. அங்கே ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் இறங்கிப் போகும் படிக்கட்டு ஒன்று தெரிந்தது. படிக்கட்டின் கீழே நீல வெளிச்சம்.

எல்லாத் தலையும் சுகாசினி பக்கம் திரும்பின. ஹயக்ரீவன் கை தானாகக் கேமராவைத் திறந்தது.

"உள்ள என்ன இருக்கும் சுகாசினி? நீ என்ன நினைக்கறே?"

அவளுக்கு அப்போதே இரண்டு மூன்று யோசனைகள் வந்தன. அதில் ஒன்று மிக நன்றாகவே இருந்தது.

"தெரியலை," என்றாள்.

ஹயக்ரீவன் ஏமாற்றத்தோடு கேமராவை மூடினான். கீழேயிருந்து அம்மா போனைக் கேட்டாள். சுகாசினி எழுந்தாள்.

அதற்குள் மாயமலையில் இருட்டிவிட்டது. அங்கே இருட்டினால் எல்லாரும் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். குமரகுருவின் வெள்ளிக் கவச வீரன் குடிசை வாசலுக்கு வந்து நின்றான்.

"வள்ளி, உள்ள வரலாமா?"

வள்ளி திரையை உற்றுப் பார்த்தாள். அண்டாவுக்கும் சிங்க நாற்காலிக்கும் நடுவில், மீதியிருந்த இடம் முழுவதிலும் ரோஜா படுத்திருந்தது.

"ரோஜா தூங்குதுண்ணா," என்றாள். "அது எழுந்திருக்கிற வரைக்கும் வெளிய நில்லுங்க."

பூதங்களை எல்லாம் ஓட ஓட விரட்டிய அந்த வீரன், ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டிலின் பாதியில் போய்ப் படுத்துக்கொண்டான்.